பாஞ்சோவும் மெட்டலும்: சதர்ன் மெட்டலுக்குள் எந்த ஆல்பம் வழியாக நுழைவது?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதலாமவர் பிளாக் சபாத்தும் பான்டெராவும் கேட்டு வளர்ந்தவர். சதர்ன் ராக் கலந்த மெட்டல் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, "சாக் வைல்டோட பிரைடு அண்ட் குளோரியில ஆரம்பிக்கலாமா, இல்ல டவுனோட நோலாவா?" என்றார். இரண்டாமவர் நேர் எதிர்ப்பக்கம். ஆல்மன் பிரதர்ஸையும் லினர்ட் ஸ்கினர்டையும் கரைத்துக் குடித்தவர். மெட்டல் என்றால் "கத்துவாங்களே, அதுதானே?" என்று கேட்கிற ரகம். அவருக்கும் அதே இரண்டு ஆல்பங்கள்தான் கண்ணில் பட்டிருக்கின்றன.

கேள்வி ஒன்றுதான் என்றாலும் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அந்த இரண்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்து நான்காக எடுத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

சதர்ன் ராக் என்பது அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிறந்த ராக். ஆல்மன் பிரதர்ஸ் 1969ல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் சேர்ந்து, ஜார்ஜியாவின் மேகனுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஸ்கினர்டும் ஜாக்சன்வில்காரர்கள்தான். இரண்டு கிதார்கள் ஒன்றோடொன்று இழைந்து ஒரே மெட்டை வாசிப்பது, நீளமான சோலோ, திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வது போன்ற பாட்டு, இதெல்லாம் அதன் அடையாளம். ஸ்லைடு என்பார்கள், டுவேன் ஆல்மன் காலியான ஒரு மாத்திரைக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு தந்தி மேல் வழுக்குவார். சித்திரவீணையில் கட்டையை நகர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

மெட்டல் வேறு ஊர்ப் பிள்ளை, ஆனால் அந்நியன் இல்லை. இரண்டுமே புளூஸ் வீட்டுப் பங்காளிகள். காதால் பிரித்துப் பார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆல்மன் பிரதர்ஸின் டிக்கி பெட்ஸ் சோலோக்களில் மேஜர் பென்டடானிக் நிறைய வரும். அது மோகனத்தின் ஸ்வரங்கள். புளூஸ்காரர்களும் மெட்டல்காரர்களும் பெரும்பாலும் மைனர் பென்டடானிக்கில் குடியிருப்பவர்கள். அது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். கமகமோ பிடியோ ஒன்றல்ல, ஸ்வரங்கள் மட்டும்தான். ஒரு பாட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் தாவத் தொடங்கினால் தெற்கத்திக் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை வைத்து நான் பார்ப்பது இவை. தெற்கு அந்த ஆல்பத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது: வாத்தியத்திலா, தாளத்திலா, குரலிலா? கிதார் எவ்வளவு கனம்? பாடகரின் குரல் புதியவரை விரட்டிவிடுமா? பிடித்துவிட்டால் அடுத்து போக அந்தக் குழுவிடம் வேறு ஆல்பம் இருக்கிறதா, அல்லது முட்டுச்சந்தா? கடைசியாக, அட்டையில் எழுதியிருக்காத செலவுகள்.

| ஆல்பம் | ஆண்டு | தெற்கு எங்கே | கனம் | முதலில் கேட்க |
|---|---|---|---|---|
| பிரைடு அண்ட் குளோரி | 1994 | வாத்தியங்களில், குரலில் | நடுத்தரம், ஏற்ற இறக்கம் அதிகம் | லூசின் யுவர் மைண்ட் |
| டெலிவரன்ஸ் (கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி) | 1994 | ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) நடையில் | நடுத்தரம், சீரானது | ஆல்பட்ராஸ் |
| நோலா (டவுன்) | 1995 | ஊரில், தாளத்தில் | மிக அதிகம் | ஸ்டோன் தி க்ரோ |
| ரெபெல் மீட்ஸ் ரெபெல் | 2006 | பாடகரில் | அதிகம் | தலைப்புப் பாட்டு |

## பிரைடு அண்ட் குளோரி

சாக் வைல்ட் தெற்கத்தியவர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நியூ ஜெர்சிக்காரர். 1987ல், 20 வயதில், பிளாக் சபாத்தின் பாடகராக இருந்த ஆஸி ஆஸ்போர்னின் கிதாரிஸ்ட் ஆனார். லெஸ் பால் கிதாரில் கறுப்பு வெள்ளை வட்டங்கள், ஒவ்வொரு வரியின் முடிவிலும் பன்றி கத்துவது போல ஒரு கீச்சொலி (பிஞ்ச் ஹார்மானிக் என்பார்கள்). இதுதான் ஊருக்குத் தெரிந்த சாக். ஆனால் தெற்கு அவருக்குள் முன்பே இருந்தது. ஆஸியின் 1991 ஆல்பத்தில் ‘நோ மோர் டியர்ஸ்’ பாட்டின் ரிஃப்பில் ஸ்லைடு வழுக்குவதைக் கேளுங்கள். அதே ஆல்பத்தின் ‘மாமா, ஐ’ம் கமிங் ஹோம்’ பாட்டின் தொடக்கக் கிதாரில் கன்ட்ரி வாசனை தூக்கலாக அடிக்கும். 1993ல் டிக்கி பெட்ஸ் இல்லாமல் போன ஒரு கச்சேரிக்கு, ஆல்மன் பிரதர்ஸ் மேடையிலேயே ஏறி வாசித்தவர் இவர்.

அடுத்த ஆண்டு மூன்று பேர் குழுவாக இந்த ஆல்பம் வந்தது. பேஸ் ஜேம்ஸ் லோமென்சோ (பின்னாளில் மெகாடெத்துக்குப் போனவர்), டிரம்ஸ் பிரையன் டிச்சி. பேர்ல் ஜாமின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த ரிக் பரஷர்தான் குழுவோடு சேர்ந்து இதையும் தயாரித்தார். ஒலியில் செயற்கைப் பளபளப்பு இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

‘லூசின் யுவர் மைண்ட்’ பாஞ்சோவில், அதாவது கன்ட்ரி இசையின் அந்த வட்டமான தந்தி வாத்தியத்தில், தொடங்குகிறது. நான் முதன்முதலாகக் கேட்டபோது வேறு யாருடைய பாட்டையோ தவறிப் போட்டுவிட்டேன் என்று நினைத்து நிறுத்தி, பெயரைச் சரிபார்த்தேன். சரியான பாட்டுதான். மறுபடி போட்டேன். பாஞ்சோ தாராளமாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே கனத்த கிதார் வந்து விழுகிறது. இரண்டும் ஒன்றையொன்று துரத்திவிடவில்லை என்பதுதான் இந்தப் பாட்டின் சாமர்த்தியம். பாஞ்சோவில் வருகிற அதே துள்ளல்தான் ரிஃப்பிலும் இருக்கிறது. உடை மட்டும் வேறு.

அதற்குப் பிறகு ஆல்பம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ‘ஹார்ஸ் கால்டு வார்’, ‘ஹார்வெஸ்டர் ஆஃப் பெயின்’ இரண்டும் மெட்டல் ரசிகருக்கு வீட்டுச் சாப்பாடு. ‘ஸ்வீட் ஜீசஸ்’ பியானோ பாட்டு. ‘மெஷின் கன் மேன்’ அக்கூஸ்டிக் கிதாரோடு வருகிற, போன தலைமுறைக் கன்ட்ரி ராக் போல ஒன்று. குரல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் பிளாக் லேபிள் சொசைட்டியில் சாக் பாடும்போது ஆஸியின் சாயல் ஏறிவிடும். இங்கே அது இல்லை. கிரெக் ஆல்மனை நினைவுபடுத்துகிற, கரகரப்பான, இழுத்துப் பேசுகிற குரல். ஸ்கினர்ட் ரசிகருக்குக் கதவு திறப்பது இந்தக் குரலால்தான்.

இனி செலவுக் கணக்கு. ஆல்பம் நீளம், ஒரு மணி நேரத்தைத் தாண்டும். நடுவில் இரண்டு மெதுவான பாட்டுகளை எடுத்திருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும். தவிர இது முட்டுச்சந்து: குழு இந்த ஒரே ஆல்பத்தோடு கலைந்துவிட்டது. பிடித்துப்போய் அடுத்தது தேடினால் 1996ல் வந்த ‘புக் ஆஃப் ஷேடோஸ்’ பெரும்பாலும் அக்கூஸ்டிக், அப்புறம் வந்த பிளாக் லேபிள் சொசைட்டி பெரும்பாலும் மெட்டல். அதாவது அவர் ஒன்றாகக் கலந்ததைத் தானே மறுபடி பிரித்து இரண்டு பாத்திரத்தில் ஊற்றிவிட்டார். பழைய சிடி வாங்குபவர்கள் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். 1999 மறுவெளியீட்டில் கூடுதலாக ஒரு தட்டு உண்டு. அதில் பிளாக் சபாத்தின் ‘தி விசார்ட்’, பீட்டில்ஸின் ‘கம் டுகெதர்’ ஆகியவற்றை இவர்கள் வாசித்திருக்கிறார்கள்.

## டெலிவரன்ஸ்

என்னைக் கேட்டால் நான்கில் ஓட்டை குறைந்த ஆல்பம் இதுதான். சதர்ன் மெட்டல் என்றதும் பலர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பாஞ்சோவும் இல்லை, தொப்பியும் இல்லை என்பதாலோ என்னவோ.

கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி வட கரோலினாவின் ராலேயில் 1982ல் ஹார்ட்கோர் பங்க் குழுவாகத் தொடங்கியது. நியூ ஆர்லியன்ஸ்காரரான பெப்பர் கீனன் பிறகு கிதாரிஸ்டாகச் சேர்ந்து, 1991 ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டைப் பாடினார். இந்த ஆல்பத்தில்தான் முழுநேரப் பாடகர் ஆனார். குழுவின் சுபாவமே மாறிப்போனது. ‘ஆல்பட்ராஸ்’ ரிஃப்பைக் கேளுங்கள்: அவசரமே இல்லை. வெயிலில் ஒருவர் கைகளை வீசிக்கொண்டு நடந்து வருவது போன்ற நடை. ஸ்கினர்ட் பாட்டுகளில் இருக்கும் அதே நடைதான், சபாத்தின் எடையோடு. ‘க்ளீன் மை வூண்ட்ஸ்’ இன்னும் கொஞ்சம் முறுக்கு. அதன் ரிஃப் கிதார் பழகுபவர்கள் கையில் சீக்கிரம் வந்து உட்காரும். ‘ஷெல்டர்’ கன்ட்ரி பக்கம் சாய்ந்த அமைதியான பாட்டு. நடுநடுவே குட்டிக் குட்டி வாத்திய இசைத் துண்டுகள் வந்து மூச்சுவிட இடம் கொடுக்கின்றன.

பெப்பரின் குரல் கத்தல் இல்லை, பாட்டு. அந்த வகையில் இரண்டாமவருக்கும் பயமில்லை. முன்னே போகவும் வழி இருக்கிறது: 1996ல் ‘வைஸ்பிளட்’. ஆனால் பின்னால் போகாதீர்கள். இந்தக் குழு பிடித்துவிட்டதே என்று 1980களின் ஆல்பங்களைப் போட்டால் வேறொரு குழு வந்து முகத்தில் அறையும். எனக்கு அந்தப் பழைய பங்க்கும் பிடிக்கும், அது வேறு கதை.

இதன் குறை என்றால், தெற்கு இங்கே கண்ணுக்குத் தெரியாது. சபாத் வகையறாவையே நாள் முழுக்கக் கேட்பவர் "இதுல சதர்ன் எங்க இருக்கு?" என்று கேட்கக்கூடும். நடையில்தான் இருக்கிறது. அது உறைக்க மூன்று நான்கு தடவை கேட்க வேண்டும்.

## நோலா

நியூ ஆர்லியன்ஸ், லூசியானா என்பதன் சுருக்கம்தான் நோலா. பான்டெராவின் ஃபில் அன்செல்மோ, மேலே சொன்ன அதே பெப்பர் கீனன், க்ரோபார் குழுவின் கிர்க் விண்ட்ஸ்டைனும் டாட் ஸ்ட்ரேஞ்சும், ஐஹேட்காட் குழுவின் ஜிம்மி போவர். எல்லோரும் நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்துக் கூட்டாளிகள். 1991லேயே சேர்ந்துவிட்டார்கள். யார் வாசிக்கிறார்கள் என்று சொல்லாமலே டெமோ கேசட்டைக் கைக்குக் கை பரப்பிவிட்டு, ஆல்பத்தை 1995ல்தான் போட்டார்கள்.

ஜிம்மி போவர் தன் சொந்தக் குழுவில் கிதாரிஸ்ட். இங்கே டிரம்ஸ். இந்த ஆல்பத்தின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அடி சரியான இடத்தில் விழாமல் இம்மியளவு தள்ளி விழுகிறது. சேற்றில் காலை எடுத்து எடுத்து வைப்பது போல. கிதார்களை டியூனிங் இறக்கி வைத்திருக்கிறார்கள். ‘ஐஸ் ஆஃப் தி சவுத்’ புளூஸ் போலச் சோம்பலாகத் தொடங்கி மெல்ல மெல்ல எடை ஏறும். ‘ஸ்டோன் தி க்ரோ’தான் எல்லோரும் கேட்பது, அதில் நியாயமும் உண்டு, அதன் தொடக்கக் கிதார் துணுக்கை ஒரு சதர்ன் ராக் குழுவிடம் கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொள்வார்கள். ‘பரி மீ இன் ஸ்மோக்’ கடைசிப் பாட்டு. திரும்பத் திரும்ப வரும் ஒரே ரிஃப், கேட்டு முடிக்கும்போது தோள்பட்டை கனக்கும்.

பான்டெராவில் கர்ஜித்த அன்செல்மோ இங்கே நிறைய இடங்களில் பாடுகிறார். இருந்தாலும் கரடுமுரடுதான். நம் இரண்டாமவருக்கு இதை முதலில் கொடுத்தால் நட்பு முறியும்.

செலவு: இருட்டு. போதையும் இழப்பும் வரிக்கு வரி வருகின்றன. காலையில் வேலைக்குப் போகும்போது கேட்கிற சரக்கில்லை. இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் கேட்டால் இந்த ஆல்பத்தில் பாதி காணாமல் போய்விடும். அடிநாதம்தான் இதற்கு உயிர். நல்ல இயர்போனாவது வேண்டும்.

## ரெபெல் மீட்ஸ் ரெபெல்

பான்டெராவின் டைம்பேக் டாரல், வின்னி பால், ரெக்ஸ் பிரவுன் மூவரும் கன்ட்ரி பாடகர் டேவிட் ஆலன் கோவோடு சேர்ந்தது. 2004 டிசம்பர் 8 அன்று டைம்பேக் ஒஹாயோவில் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பதிவு செய்து வைத்திருந்த இந்தப் பாட்டுகளை வின்னி பால் 2006ல் தன் சொந்த நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார்.

சொல்லப்போனால் இது சதர்ன் ராக் கலவையே இல்லை; பான்டெரா ரிஃப்புக்கு மேல் ஒரு கன்ட்ரி கிழவர். சில பாட்டுகளில் பிரமாதமாக ஒட்டுகிறது, சிலவற்றில் இரண்டு ரேடியோ ஒரே நேரத்தில் ஓடுவது போல இருக்கிறது. டைம்பேக் என்றால் உயிரை விடுபவர்களுக்கு அவசியம். முதல் ஆல்பமாக யாருக்கும் சொல்லமாட்டேன்.

## அந்தக் கொடி

இந்த வகை இசைக்குள் நுழைகிற எல்லோருக்கும் ஒரு நாள் எதிர்ப்படும் விஷயம் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் அட்டை, டி-சர்ட், கிதார் என்று பல இடங்களில் கூட்டமைப்புக் கொடி தென்படும். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்கள் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஏந்திய கொடி அது. சாக் வைல்டின் அந்தக் காலக் கிதார் ஒன்றிலும் அது இருந்தது. "ஊர்ப் பெருமை" என்பார்கள். ஸ்கினர்ட் 2012ல் அதை விட்டுவிடுவதாகச் சொல்லி, ரசிகர்கள் கொதித்ததும் பின்வாங்கியது. 2016ல் அன்செல்மோ ஒரு மேடையில் நாஜி வணக்கம் வைத்து, பிறகு மன்னிப்புக் கேட்டார். டேவிட் ஆலன் கோவின் பழைய தனிவெளியீடுகள் சிலவற்றில் அப்பட்டமான இனவெறி வரிகள் உண்டு.

இந்த இசைக்கு வேரான புளூஸ் கறுப்பின மக்களுடையது. ஆல்மன் பிரதர்ஸின் முதல் வரிசையிலேயே ஜெய்மோ என்ற கறுப்பின டிரம்ஸ் கலைஞர் இருந்தார். இதைத் தெரிந்துகொண்டு கேட்பதும் கேட்காமல் விடுவதும் உங்கள் இஷ்டம். எனக்கு நான்கில் மனம் உறுத்தாமல் கேட்க முடிவது டெலிவரன்ஸ். நோலாவைக் கேட்கிறேன், ஆனால் டி-சர்ட் வாங்கவில்லை.

## சரி, யாருக்கு எது

பான்டெரா கேட்டு வளர்ந்தவருக்கு: நோலா உங்களுக்கு உடனே பிடிக்கும், அதனாலேயே அதை முதலில் எடுக்க வேண்டாம் என்பேன். அதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கனம்தான் காதில் விழும், தெற்கு விழாது. முதலில் பிரைடு அண்ட் குளோரி. பாஞ்சோ ஓங்கி அடித்துச் சொல்லிவிடுவதால் தெற்கு எப்படி ஒலிக்கும் என்று காதுக்குப் பிடிபடும். ஒரு வாரம் கழித்து நோலாவைப் போட்டால், வெறும் இருட்டாகத் தெரிந்த இடங்களில் எல்லாம் புளூஸ் ஒளிந்திருப்பது தெரியும்.

ஸ்கினர்ட் ரசிகருக்கு: ஆல்பம் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு பாட்டு. மெட்டாலிகா 1998ல் வெளியிட்ட ‘கராஜ் இன்க்’ தொகுப்பில் ஸ்கினர்டின் ‘டியூஸ்டேஸ் கான்’ இருக்கிறது. அதில் ஸ்கினர்டின் கேரி ராசிங்டன் கிதார் வாசிக்கிறார். நம் பெப்பர் கீனனும் இருக்கிறார். மெட்டல்காரர்கள் உங்கள் வீட்டுப் பாட்டை எவ்வளவு மரியாதையாகக் கையாளுகிறார்கள் என்று கேட்ட பிறகு, டெலிவரன்ஸ். பிரைடு அண்ட் குளோரியின் குரல் உங்களுக்குப் பிடிக்கும்தான். ஆனால் அதில் நீங்கள் மெதுவான பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மெட்டல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடும் ஆபத்து இருக்கிறது. டெலிவரன்ஸில் அப்படித் தப்ப முடியாது. இரண்டும் ஒரே ரிஃப்புக்குள் இருக்கின்றன.

கிதார் பழகுபவர் என்றால் கணக்கு வேறு. கை பழக டெலிவரன்ஸ், கையை முறிக்க பிரைடு அண்ட் குளோரி. சாக் ஒரு தந்தியை பிக்காலும் அடுத்ததை விரலாலும் சுண்டி வாசிக்கிற கன்ட்ரி முறையை மெட்டல் வேகத்தில் வாசிப்பார். அதைப் பிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது; இன்னும் சுத்தமாக வரவில்லை.

வீட்டில் ஸ்பீக்கரில் போடப்போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. பிரைடு அண்ட் குளோரியில் ‘ஹேட் யுவர் கட்ஸ்’ என்று ஒரு பாட்டு உண்டு. கேட்டால் வாசற்படியில் உட்கார்ந்து பாடுகிற சாதுவான கன்ட்ரி பாட்டு மாதிரி இருக்கும். வரிகள் அப்படி இல்லை. அக்கம்பக்கம் ஆங்கிலம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், அந்தப் பாட்டு வருவதற்குள் எழுந்து போய் நிறுத்திவிடுங்கள்.